எந்த அறையில் ஒலிக்கிறது நம் குரல்?
(பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக நந்தனத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் நினைவாக உரையாற்ற அழைத்தபோது, தலைப்பை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். 'செயற்கை எதிர்முழக்கம்' என்று எழுதி அனுப்பினோம். அழைப்பிதழைப் பார்த்த தோழர்கள் சிலர் தொலைபேசியில் கேட்டார்கள்: "கவிதை, நாவல், வரலாறு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டதா? ஸ்டுடியோவில் ஒருவர் திருகுகிற குமிழைப் பற்றி தலித் இலக்கிய அரங்கில் என்ன பேச்சு?" நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளமானது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். இங்கிருந்து அதிக தூரமில்லாத இராயப்பேட்டையிலிருந்து அது வெளிவந்தது. அச்சு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே வரலாறாகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். பறையர் என்ற பெயரையே 'பறைதல்' என்ற வினையிலிருந்து, அதாவது உண்மையை எடுத்துச் சொன்னவர்கள் என்ற பொருளில், விளக்கியவர் அவர். அச்சில் நம் சொல் யார் வழியாகப் போகிறது என்று அவர் கேட்ட கேள்வியை, நூறாண்டு கழித்து ஒலிப்பதிவை நோக்கி நாங்கள் கேட்கிறோம். நாங்கள் என்றால், சில ஆண்டுகளாகச் சென்னையிலும் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கங்களிலும் ஒப்பாரி, கானா, பறையடி ஆகியவற்றைப் பதிவு செய்துவரும் ஒரு சிறு குழு. எங்களில் சமூகவியல் படித்தவர்கள் உண்டு. மைக் செட் வாடகைக்கு விடுபவர்களும் உண்டு. இந்த உரையில் பாதி அவர்கள் சொல்லிக்கொடுத்தது.

முதலில் சொல்லை விளக்கிவிடுகிறோம். பள்ளி அறிவியல் பாடத்தில் எதிரொலி படித்திருப்பீர்கள். சுவர் குறைந்தது 17.2 மீட்டர் தள்ளியிருந்தால்தான் போன ஒலி திரும்பி வந்து தனியாகக் கேட்கும். அதைவிடக் கிட்டத்தில் சுவர்கள் இருந்தால் தனித்தனியாகக் கேட்காது. நூற்றுக்கணக்கான திரும்பல்கள் ஒன்றோடொன்று குழைந்து, மூல ஒலி நின்ற பிறகும் சற்று நேரம் தொங்கி நிற்கும். அதுதான் எதிர்முழக்கம், ஸ்டுடியோ பாஷையில் ரிவெர்ப். நம் மைக் செட்காரர்கள் இரண்டையும் சேர்த்து 'எக்கோ' என்பார்கள். இப்போது இந்த மண்டபத்தில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். கேட்கிறது அல்லவா, ஒரு வால் மாதிரி? நாற்காலிகள் காலியாக இருந்த காலை நேரத்தில் அந்த வால் இன்னும் நீளமாக இருந்தது. நீங்கள் வந்து உட்கார்ந்ததும் சுருங்கிவிட்டது.

இதைக் கணக்காக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் 5.5 வினாடி வரை சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தது. சபைன் நள்ளிரவுக்குப் பிறகு, வெளிச் சத்தம் அடங்கிய நேரத்தில், பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு அளந்தார். அவர் கண்ட சூத்திரம் எளிமையானது. எதிர்முழக்க நேரம் அறையின் கன அளவுக்கு நேர் விகிதம். ஒலியை உறிஞ்சும் பொருள்களுக்கு எதிர் விகிதம். கல்லும் பளிங்கும் உறிஞ்சாது. துணியும் மரமும் கொஞ்சம் உறிஞ்சும். மனித உடல் நன்றாக உறிஞ்சும்.

இந்தச் சூத்திரத்தைச் சமூகவியல் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். நீண்ட எதிர்முழக்கம் வேண்டுமானால் பெரிய இடம் வேண்டும், கல் வேண்டும், அதில் ஆட்கள் அதிகம் இருக்கக்கூடாது. அதாவது எதிர்முழக்கம் என்பது நிலவுடைமையின் ஒலி. பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசிப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமில்லை. நான்கு சதுர மைல் சேரியில் அல்ல, நாற்பதடி உயர மண்டபத்தில்தான் ஒரு 'ஓம்' நின்று முழங்கும். எட்டுக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுத்திருக்கும் வீட்டில் குழந்தை அழுதால் அந்த ஒலிக்கு வாலே இருக்காது.

நந்தனம் என்ற ஊர்ப் பெயருக்கும் நந்தனாருக்கும் தொடர்பிருப்பதாக நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அவர் நினைவு வருவதை யாரும் தடுக்க முடியாது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாரின் தொண்டு என்ன? சிவன் கோயில்களின் முழவுகளுக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். கோயிலுக்குள் எழும் ஓசைக்கான மூலப்பொருள் எல்லாம் ஆதனூர்ச் சேரியிலிருந்து போனது. கொடுத்தவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியது என்கிறார்கள். காட்சிக்கு வழிவிட்டதாகத்தான் கதை. அவர் தந்த தோலில் எழுந்த ஓசை கல் மண்டபத்துக்குள் எப்படி நின்று முழங்கியது என்பதை அவர் உள்ளே நின்று கேட்கவே இல்லை. வெளியே இருப்பவருக்கு வந்து சேர்வது அந்த முழக்கத்தின் கசிவு மட்டும்தான்.

(பண்டிதர் எழுதிய வரலாற்றில் நந்தன் ஓர் அரசன். வேடதாரிகளைக் கேள்வி கேட்டவன். கோயில் வாசலில் ஏங்கி நின்றவன் கதையையே கேட்டு வளர்ந்த நமக்கு அது வேறொரு நந்தனைத் தருகிறது. ஆனால் சினிமாவும் சபாவும் எடுத்துக்கொண்டது ஏங்கிய நந்தனைத்தான். 1935இல் கே.பி.சுந்தராம்பாள், 1942இல் ஜெமினி தயாரிப்பில் தண்டபாணி தேசிகர். வெளியே நிற்பவரின் ஏக்கம் உள்ளே இருப்பவர்களுக்கு நல்ல பாட்டு.)

இது பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். மிருதங்கம் செய்யும் தொழிலாளர்களைப் பற்றி, அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள், டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ரா அரங்கம் தருவதாகச் சொல்லி, பின் அனுமதியை விலக்கிக்கொண்டது. மாட்டுத்தோல் மண்டபத்துக்குள் போகலாம். மாட்டுத்தோலைப் பற்றிய பேச்சு போகக்கூடாது. அடையாறும் மயிலாப்பூரும் நமக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்று நந்தனத்தில் நின்றுகொண்டு யோசிக்கும்போது இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சரி, செயற்கைக்கு வருவோம். பெரிய மண்டபம் இல்லாதவர்கள் அதன் ஓசையை மட்டும் உண்டாக்க முடியுமா என்ற கேள்வி ஒலிப்பதிவுத் தொழிலில் எழுந்தது. 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற பொறியாளர் ஸ்டுடியோவின் குளியலறையில் ஒலிபெருக்கியை வைத்துப் பாட்டை ஒலிக்கவிட்டு, இன்னொரு மைக்கால் திரும்பப் பிடித்தார். ஹார்மோனிகா இசைக்குழு ஒன்றின் பாட்டு அப்படித்தான் பெரும் வெற்றி பெற்றது. அடுத்து, 1957இல் ஜெர்மனியில் இ.எம்.டி. 140 வந்தது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம், அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு, குரலை அதன்மீது அதிரவைத்து, அந்த அதிர்வைப் பிடித்தார்கள். தேவாலயம் ஒரு தகரத்துக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் இதையே கணக்காக, கணினி செய்யும் வேலையாக மாற்றினார். 1970களின் பிற்பாதியில் டிஜிட்டல் பெட்டிகள் ஸ்டுடியோக்களுக்கு வந்தன. இன்று அது கைப்பேசிச் செயலியில் ஒரு குமிழ். ஜோனதன் ஸ்டெர்ன் என்ற ஆய்வாளர் 2015இல் எழுதிய கட்டுரையில் இதைக் கட்டிடத்திலிருந்து கழற்றி எடுக்கப்பட்ட எதிரொலி என்கிறார். நிலத்திலிருந்து கழன்றுவிட்டது முழக்கம். அதனால் நிலமில்லாதவர்களுக்குக் கிடைத்துவிட்டதா என்பதுதான் நம் கேள்வி.

எங்கள் குழு ஒருமுறை, வயதான அம்மா ஒருவர் பாடிய ஒப்பாரியை நகரத்தின் ஒரு ஸ்டுடியோவில் கலவை செய்யக் கொடுத்தது. அவர் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கால் நீட்டிப் பாடிய பதிவு அது. குரலில் இருமல் உண்டு, பின்னால் ஒரு பிரஷர் குக்கர் விசிலும் உண்டு. பொறியாளர் நல்ல இளைஞர்தான். விசிலை அழித்தார், இருமலை அழித்தார். பிறகு குரலுக்கு நீண்ட 'ஹால்' ரிவெர்ப் ஒன்றைப் போட்டார். கேட்டுப் பார்க்க அம்மாவையும் அழைத்துப் போயிருந்தோம். ஹெட்போனை மாட்டிக் கேட்டவர் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னா தம்பி, நான் வாசல்ல குந்திகினு பாடுனேன். இதுல எங்கியோ தூரமா, கெணத்தாண்ட நின்னுகினு பாடுறாமேரி கீதே?"

"அதாம்மா ஃபீல்" என்றார் தம்பி.

அந்த அம்மா சொன்னது ஒலியியல்படி முழுக்கச் சரி. ஒருவர் நமக்குக் கிட்ட இருக்கிறாரா, தள்ளி இருக்கிறாரா என்பதைக் காது எப்படி அறிகிறது? வாயிலிருந்து நேராக வரும் ஒலி எவ்வளவு, சுவர்களில் பட்டு வரும் ஒலி எவ்வளவு என்ற விகிதத்தை வைத்து. நேர் ஒலி கூடுதலாக இருந்தால் ஆள் பக்கத்தில். பட்டு வரும் ஒலி கூடினால் ஆள் தூரத்தில். பொறியாளர்கள் இதை உலர்ந்தது, நனைந்தது என்று பிரித்து ஒரு குமிழில் வைத்திருக்கிறார்கள். நனைக்க நனைக்க ஆள் விலகிப் போவார். இறந்தவர் தலைமாட்டில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு பாடும் பாட்டு ஒப்பாரி. அதன் அர்த்தமே அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. அதை நனைத்து விலக்கினால் கேட்பவருக்குத் துயரம் அழகாகிவிடும், அழுகிறவள் தொலைந்துவிடுவாள். ஊருக்கு வெளியே தள்ளி வைப்பதை எத்தனை விதமாகவோ பார்த்துவிட்டோம். ஒரு குமிழைத் திருகியும் செய்யலாம் என்று அன்று கண்டோம்.

பறைக்கு நடப்பது இன்னும் கொஞ்சம் சிக்கலானது. பறை திறந்தவெளிக் கருவி. வைக்கோல் தீயில் காய்ச்சி இறுக்கிய தோல், மெல்லிய சிண்டுக்குச்சி, தடித்த அடிக்குச்சி. அடி விழுந்த கணத்தில் வெடித்துக் கிளம்பி உடனே அடங்குகிற கூர்மைதான் அதன் உயிர். பல தெரு தாண்டிச் சேதி சொல்ல வேண்டிய கருவிக்கு அந்தக் கூர்மை வேண்டும். திரைப்படத்தில் சண்டை, திருவிழா, சாவுக் காட்சிகளில் வரும் பறையைக் கவனித்துக் கேளுங்கள். பல நேரங்களில் ஒவ்வோர் அடிக்கும் பெரிய மண்டபத்தின் வால் தொங்கும். அடுத்த அடி விழும்போது முந்தைய அடியின் முழக்கம் அடங்கியிருக்காது. பத்துப் பேரின் தனித்தனிக் கைகள் கேட்காது. மொத்தமாக ஒரு 'தும்' கேட்கும். பிரம்மாண்டம் என்பார்கள். அடிப்பவரின் கை போனது பற்றி யாரும் பேசுவதில்லை.

இங்கே நம் வீட்டுச் சண்டையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பறையடிப்பதை இழிதொழில் என்று மறுத்துப் போராடிய மரபு நம்முடையது. இளையபெருமாள் போன்றோர் தென்னார்க்காட்டில் சாவுக்குப் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லி ஊர் ஊராக நின்றார்கள். அதற்காக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். பறையைக் கலையாக, விடுதலையின் கருவியாக மீட்டெடுத்தவர்களும் நம்மவர்களே. இந்த இரண்டு பக்கத்தையும் சேர்ந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். நாங்கள் பதிவு செய்யப் போன ஊர்களில் சில பெரியவர்கள் கருவியைத் தொட மறுத்தார்கள். அவர்கள் மறுப்பையும் பதிவு செய்துகொண்டு வந்தோம். ரிவெர்ப் போட்டுப் பிரம்மாண்டமாக்குவதால் இந்த வழக்கு தீர்ந்துவிடாது. வழக்கே இல்லாததுபோல் மூடிவிடும், அவ்வளவுதான்.

அப்படியானால் எதையும் போடாமல் உலர்ந்தே விடு, 'ரா'வாக விடு என்று எங்களிடம் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்ட ஆய்வாளர்கள், விழா ஏற்பாட்டாளர்கள். எங்களுக்கு இந்த 'ரா' மீதும் சந்தேகம் உண்டு. ஒரு கானா பாடும் பையன், பத்தொன்பது வயதிருக்கும், பதிவுக்கு உட்கார்ந்ததும் கேட்டான்: "அண்ணா, கொஞ்சம் எக்கோ ஏத்துங்கண்ணா, கெத்தா இருக்கும்." சாவு வீட்டுப் பந்தலில் மைக் செட்காரர் அவனுக்கு எப்போதும் எக்கோ ஏற்றிக் கொடுப்பார். அந்தத் தெருவில் இரவு இரண்டு மணிக்கு அவன் குரல் அப்படித்தான் ஒலிக்கும். அதுவே அவன் இயல்பான குரல். அதை உரித்துவிட்டு, தண்ணீர் கேனும் தாளமும் மட்டும் வைத்து 'மண் மணக்க'ப் பாடு என்றால், யாருக்காக அந்த மணம்? அழுக்கோடு இருந்தால்தான் நீ உண்மையானவன் என்பது பழைய தீர்ப்பின் புதிய சொல். அவன் கேட்ட எக்கோவைக் கொடுத்தோம்.

இந்த இடத்தில் ஜமைக்காவை நினைக்க வேண்டியிருக்கிறது. கிங்ஸ்டன் நகரின் வாட்டர்ஹவுஸ் பகுதி ஏழைக் கறுப்பர்களின் குடியிருப்பு. அங்கே மின்கருவிகள் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்போர்ன் ருடாக், கிங் டப்பி என்று பெயர் பெற்றவர், 1970களில் வீட்டிலேயே ஒரு சிறு ஸ்டுடியோ வைத்தார். குரல் பதிவு செய்யும் இடம் அந்த வீட்டுக் குளியலறை. பதிவான பாட்டிலிருந்து குரலை உருவி எடுத்துவிட்டு, ஒரு மேளத்தின் ஒற்றை அடியை ஸ்ப்ரிங் ரிவெர்புக்குள் அனுப்பி அதை வானத்துக்கும் பாதாளத்துக்கும் வீசினார். அதுதான் டப். அவர் போலி செய்தது எந்த தேவாலயத்தையும் அல்ல. உலகத்தில் எங்கும் கட்டப்படாத ஓர் இடத்தை அவர் காதுக்குள் கட்டினார். நிலமில்லாதவர் குமிழ்களைக் கொண்டு எழுப்பிய இடம் அது. சிகாகோ புட்னமுக்கும் கிங்ஸ்டன் டப்பிக்கும் குளியலறை ஒன்றுதான். வித்தியாசம், யார் எதற்காகத் திருகினார் என்பதில்.

நம் ஊரில் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் நிகழ்ச்சி நடத்தியபோது, பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட அந்தக் குழுவின் மேடையில் கானாவும் பறையும் ராப்பும் கிதாரும் சேர்ந்து ஒலித்தன. பாட்டு வரிகளைப் பற்றி நிறைய எழுதினார்கள். மேடைக்கு எதிரே கலவைப் பலகையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி நம் இதழ்கள் எதிலும் எழுதி நாங்கள் பார்த்ததில்லை. இலக்கியக்காரர்களுக்கு வரி மட்டும்தான் கேட்கும்போலிருக்கிறது. பக்கத்தில் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் இருக்கிறது. புத்தகக் காட்சிக்குப் போயிருப்பீர்கள், இசை நிகழ்ச்சிகளுக்கும் போயிருப்பீர்கள். சுவரும் கூரையும் இல்லாத அந்தத் திறந்தவெளியில் பாடகர் குரலில் கேட்கும் முழக்கம் முழுவதும் பெட்டியிலிருந்து வருவது. ஒரு மனிதர் விரலால் முடிவு செய்கிறார், இந்தக் குரல் கோயிலில் நிற்கிறதா, சபாவில் நிற்கிறதா, நம் பக்கத்தில் நிற்கிறதா என்று. அந்த விரல் யாருடையது? தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்குப் படிப்பு இருக்கிறது. தனியார் கல்லூரிகளின் கட்டணம் நமக்கு எட்டாதது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே ரிவெர்பின் அடிப்படைகளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதியிலும் நந்தனம் அரசு கலைக் கல்லூரியிலும் இருக்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நாங்கள் தயார்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இப்போதைய மென்பொருள்களில் உண்மையான இடங்களின் முழக்கத்தையே பிடித்து வைத்திருக்கிறார்கள். பட்டியலைத் திறந்தால் கச்சேரி மண்டபம், கதீட்ரல், மாளிகை அறை என்று வரும். தெரு, கார், சுரங்கப்பாதை எல்லாம் சினிமாச் சத்தத்துக்கென்று தனியே கிடக்கும். பாட்டுக்கு அவற்றை எடுப்பவர் குறைவு. இடத்தைப் பிடிப்பது கடினமில்லை. அமைதியான நேரத்தில் ஒரு பலூனை உடைத்து, அந்த வெடிப்பின் வாலைப் பதிவு செய்தால் அந்த இடத்தின் கைரேகை கிடைத்துவிடும். பிறகு எந்தக் குரலையும் அந்த இடத்துக்குள் நிற்கவைக்கலாம். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படித்தான் பலூன் உடைத்தார்கள். அந்தக் கட்டிடத்துக்குள் போய்ப் பாட முடியாத நிலையில், கலிபோர்னியாவில் நின்றுகொண்டே அதன் பத்து வினாடிக்கும் மேற்பட்ட முழக்கத்துக்குள் ஒரு பாடகர் குழு பழைய பைசாந்தியப் பாடல்களைப் பாடி, 2019இல் வெளியிட்டது.

ஆயிரம் ஆண்டுப் பேராலயத்துக்கு இவ்வளவு அக்கறை இருக்கட்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டிடங்களில் இருக்கின்றன. எதிரெதிரே நிற்கும் அந்தச் சுவர்களுக்கு நடுவில் பறையடித்தால் ஒவ்வோர் அடியும் சுவருக்குச் சுவர் முட்டி 'டர்ர்ர்' என்று உதறிக்கொண்டு மேலே ஏறுகிறது. ஆற்றங்கரைக் குடிசைகளுக்கு நடுவில் அதே கை அடித்தபோது இப்படிக் கேட்டதில்லை என்கிறார்கள் அங்குள்ளவர்கள். அந்தப் பழைய தெருவின் கைரேகையை யாரும் எடுத்து வைக்கவில்லை. இனி எடுக்கவும் முடியாது. ஆனால் இன்னும் இடிக்கப்படாத தெருக்கள் இருக்கின்றன. விடுதி மாடிப்படிகள், சமுதாயக் கூடங்கள், சேரித் தேவாலயங்கள், புத்த விகாரைகள், சுடுகாட்டுப் பாதைகள் இருக்கின்றன. சுடுகாட்டுப் பாதையில் முழக்கம் ஏறக்குறைய இருக்காது. அந்த இன்மையும் பதிவாக வேண்டியதுதான்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு விடியற்காலை, வண்டிச் சத்தம் தொடங்கும் முன்பு, முதல் பதிவைப் பெரும்பாக்கத்தில் எடுக்கிறோம். குடியிருப்பவர்களிடம் சொல்லி, அவர்கள் ஒப்புதலோடுதான். தூங்கும் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பதிவுக் கருவி வைத்திருக்கும் தோழர்கள் எடுத்து வாருங்கள். இல்லாதவர்கள் கைப்பேசியோடு வந்தாலும் போதும். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.